நடுவர் நாற்காலி

தட்டை அந்த ஸ்டூல் மேல வைங்க அண்ணாச்சி. என் கையில தராதீங்க. வெத்தலை பாக்கைக் கையில வாங்கிட்டா ஒத்துக்கிட்டதா ஆயிரும். முப்பது வருசமா வாங்கிப் பழகின கை, தட்டைப் பாத்தா தானா நீளும். அதான் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன்.

இன்னொண்ணு. உங்க செல்போனை வாசல்ல செருப்புக் கிடக்கிற இடத்துல வச்சிட்டு வந்திருங்க. கோவிச்சுக்கிடாதீங்க. இந்த வீட்டுக்கு யார் வந்தாலும் அப்படித்தான். என் தங்கச்சி மாப்பிள்ளைகூட அங்ஙன வச்சிட்டுத்தான் உள்ள வருவாரு. மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டுத்தான் வாராரு, என்ன செய்ய.

வச்சாச்சா? உக்காருங்க. மரகதம், கரிசல்குளத்துல இருந்து கோயில் கமிட்டி அண்ணாச்சி வந்திருக்காங்க. காபி போடு. காதுல விழுந்திருக்கும். பதில் வராது. ஒரு நாளைக்கு எங்கிட்ட ஒரே ஒரு கேள்விதான் கேப்பா. அது என்னன்னு அப்புறம் சொல்லுதேன்.

நீங்க எதுக்கு வந்திருக்கீங்கன்னு எனக்குத் தெரியும். பங்குனிப் பொங்கல் வருது, பட்டிமன்றம் போடணும், சொல்மாரி கோமதிநாயகத்தைப் பேசக் கூப்பிடணும். சந்தோசம். இருங்க, இருங்க, நான் சொல்லி முடிச்சிருதேன். நான் இப்ப மேடை ஏறுததில்ல அண்ணாச்சி. தொண்டை நல்லாத்தான் இருக்கு. கேட்டீங்கல்ல, இந்தக் குரலுக்கு மைக்கே வேண்டாம். காரணம் வேற. நீங்க மரியாதை தெரிஞ்சவங்க, கேக்க மாட்டீங்க. நானே சொல்லுதேன்.

போன பங்குனியில இங்ஙன பக்கத்துல ஒரு ஊரு. ஊர்ப் பேரு வேண்டாம். சாதாரணமா நமக்கு என்ன தலைப்பு கொடுப்பாங்க? மாமியாரா மருமகளா, மகனா மகளா, இப்படித்தான். அந்த ஊர்க் கமிட்டித் தலைவரு மகன் டெல்லியில படிச்சவரு. ஒரு தடவையாவது உலக விசயம் பேசணும்னு பிடிவாதமா நின்னிருக்காரு. கொடுங்கோலன் ஆளுற நாட்டுக்குள்ள ஜனநாயக நாடுகள் படை அனுப்புவது நியாயமா, அநியாயமா? இதான் தலைப்பு. மாரியம்மன் கோயில் வாசல்ல, கறிச்சோறு சாப்பிட்டுட்டு ஏப்பம் விட்டுக்கிட்டு வந்து உக்காந்திருக்கிற ஜனத்துக்கு முன்னால. சரி, நமக்கு என்ன, பந்தல் போட்டாச்சு, பேச வேண்டியதுதான். நடுவர் எப்பவும் போல பேராசிரியர் தவசிமுத்து.

எப்பவும் அவருதான் நடுவர். அதையும் சொல்லிருதேன். மேடையில நீங்க பாத்திருப்பீங்க, பேசுதவங்களுக்கு ரெண்டு பக்கமும் பிளாஸ்டிக் நாற்காலி. நடுவுல மெத்தை வச்ச பெரிய நாற்காலி, மேல பூத்துவாலை விரிச்சு, தனி மைக்கு, தனி செம்புல வெந்நீர். நான் மேடை ஏறுன காலத்துல இருந்து அந்த நாற்காலிக்கு ரெண்டு முழம் தள்ளியே உக்காந்திருக்கேன். எங்களுக்கு அப்புறம் வந்த பயலுவ எல்லாம் நடுவர் ஆயிட்டானுவ. எங்கிட்ட எல்லாரும் ஒண்ணே ஒண்ணுதான் சொல்லுவாங்க, ஐயா நீங்க வாதாடப் பிறந்தவரு, தீர்ப்புச் சொன்னா வீணாப் போயிருவீங்கன்னு. புகழுதாங்களாம். போகட்டும்.

எனக்கு முதல்ல ஒதுக்கினது அநியாயம்ங்கிற பக்கம். அதைத்தான் தயார் பண்ணிட்டுப் போனேன். அடுத்தவன் வீட்டுச் சண்டைக்குள்ள அரிவாளோட நுழையறவன் சண்டையைத் தீக்கவா வாரான், தொழுவத்துல கிடக்கிற ஆட்டைப் பத்திட்டுப் போகல்ல வாரான்னு, நல்ல நல்ல வரியாச் சேத்து வச்சிருந்தேன். கார்ல போகும்போது தவசிமுத்து சொல்லுதாரு, நியாயம்னு பேச வேண்டிய ராசாத்தி டீச்சருக்குக் காய்ச்சல், அந்த அணி சவுண்டு இல்லாமப் போச்சு, நீரு அந்தப் பக்கம் வாரும்யான்னு. வாரேன்னுட்டேன். ஒரு நிமிசம் யோசிக்கல. அதுதான் அண்ணாச்சி நம்ம தொழில். மேடைப் படியில கால வச்ச பிறகு பக்கம் மாத்தச் சொன்னாலும் மாத்திருவேன். ரெண்டு பக்கத்துலயும் ஜனத்தை அழ வைப்பேன். நம்ம ஊர்ல இது எல்லாருக்கும் தெரியும். நான் மாமியாருக்கு எதிராப் பேசிட்டேன்னு எந்த மாமியாரும் என்கூட சண்டைக்கு வந்ததில்ல. பேச்சு முடிஞ்சதும் அவங்கதான் முதல்ல வந்து சோடா கொடுப்பாங்க.

என் மகன் இளஞ்செழியன் வெளிநாட்டுல எலக்ட்ரீசியன். எந்த நாடுன்னு கேக்காதீங்க. பேரைச் சொல்லித்தான் இந்த நெலமைக்கு வந்திருக்கேன். ரொம்ப காலமா ஒரே ஆளு ஆளுத நாடு. அவருக்கு முன்னால அவங்கப்பா ஆண்டாரு. நாம அவரைப் பெரியவர்னு வச்சுக்கிடுவோம். வீட்டுக்குள்ளயும் அப்படித்தான் சொல்லுதோம். டிவி செய்தியில பெரியவர் படம் வந்தா நான் நீட்டியிருக்கிற காலை மடக்கிக்கிடுவேன். சிரிக்காதீங்க. சங்கரன்கோவில்ல, என் சொந்த வீட்டுல, என் சொந்தக் காலை நீட்ட எனக்குப் பயமா இருக்கு.

செழியன் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை பேசுவான். அப்பப்ப அங்ஙத்திய சேதி சொல்லுவான். அவன்கூட வேலை பாத்த மலையாளத்துக்காரர் ஒருத்தர் மத்தியானச் சோத்தைப் பேப்பர்ல மடிச்சு எடுத்துட்டுப் போயிருக்காரு. அந்தப் பேப்பர்ல பெரியவர் படம். குழம்பு ஒழுகிப் பெரியவர் மூஞ்சியில வடிஞ்சிருச்சு. பாத்தவன் எவனோ போயிச் சொல்லி, ஆளைக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. ஒரு மாசம் கழிச்சு வந்தவரு யார்கூடவும் பேசாம ஊருக்கு விமானம் ஏறிட்டாராம். இதைச் சொல்லிட்டு, அப்பா, இது உங்களோட இருக்கட்டும்னான். என்னோடதான் வச்சிருந்தேன். தேவைப்படுத இடத்துலதான் எடுத்தேன்.

அன்னைக்கு மேடையில அதை எடுத்து விட்டேன் பாருங்க. குழம்பு சிந்தினதுக்குச் சிறைன்னு நான் சொன்னதும் ஏப்பம் விட்டுக்கிட்டிருந்த கூட்டம் கப்புனு அடங்கிருச்சு. அப்ப எதிரணியில இருந்த பய ஒருத்தன் மைக்கை எடுத்து, ஐயா கதை விடுதாரு, ஆதாரம் உண்டான்னுட்டான். கூட்டம் சிரிக்குது. எனக்குச் சுர்ருனு ஏறிருச்சு. ஆதாரமா? என் மகன் அங்ஙனதான் இருக்கான், பேரு இளஞ்செழியன், இன்ன ஊரு மின்சார நிலையத்துல வேலை பாக்கான், அவன் வாயால சொன்னது, இப்பவே வேணாலும் போன் போட்டுக் கேளுன்னேன். நீங்க அந்தக் கைதட்டலைக் கேட்டிருக்கணும். அடங்கவே இல்ல. அது அடங்குததுக்குள்ள அடுத்ததைப் போட்டேன். அந்த நாட்டுல ஒரு தாய், வாசல்ல செருப்புச் சத்தம் கேட்டாலே பிள்ளையைக் கட்டிலுக்கு அடியில தள்ளி ஒளிக்கா. பக்கத்துல இருக்கிற ஜனநாயகமே, உன் படை எதுக்கு, குடியரசு தினத்துக்கு நடந்து காட்டவான்னு கேட்டுட்டு, தோள்ல கிடந்த துண்டை எடுத்துக் கண்ணைத் தொட்டேன். தவசிமுத்து அந்த மெத்தை நாற்காலியில இருந்து எந்திரிச்சு வந்து எனக்குக் கை கொடுத்தாரு. தீர்ப்பு நம்ம பக்கம்.

ஆதாரம் இல்லாமப் பேசக் கூடாதுல்ல அண்ணாச்சி. இது மரகதத்துக்குப் புரியல.

வீடியோ எடுத்தவரு அதை யூடியூப்ல போட்டுட்டாரு. நல்ல மனசோடதான் போட்டாரு. காட்டுத்தீயாப் போச்சு. நான் ஒரு வாரம் தெருவுல தலை நிமிந்து நடந்தேன். எங்ஙன போனாலும் பாத்தோம்யா, அழுதோம்யாங்கிறாங்க. அங்ஙன இருக்கிற நம்ம ஆளுங்களும் பாத்திருக்காங்க. நம்ம செழியன் அப்பாடான்னு பெருமையா ஒருத்தருக்கொருத்தர் அனுப்பியிருக்காங்க. அதுல எவனோ ஒருத்தன் அனுப்பக் கூடாத இடத்துக்கு அனுப்பிட்டான்.

செழியன் கூப்பிட்டான். அப்பா, அந்த வீடியோவை உடனே எடுக்கச் சொல்லுங்கன்னான். எத்தனை பேர் பாத்திருக்காங்க தெரியுமாடான்னு கேட்டேன். அதான்ப்பான்னு சொல்லிட்டு வச்சுட்டான். அப்புறம் போன் இல்ல. அவன்கூடத் தங்கியிருக்கிற கமுதிக்காரர் யாரோ ஒருத்தர் மூலமாச் சொல்லி விட்டாரு, செழியனை விசாரிக்கக் கூட்டிட்டுப் போயிருக்காங்கன்னு.

அடிக்கல. அதை முதல்லயே சொல்லிருதேன், அடிக்கலன்னுதான் சொல்லுதான். வெளிய விட்டுட்டாங்க. பாஸ்போர்ட்டை மட்டும் வாங்கி வச்சுக்கிட்டாங்க. ஊரை விட்டு நகரக் கூடாது. வாரம் தவறாமப் போயி மூஞ்சியைக் காட்டணும். ஜெயில் இல்ல அண்ணாச்சி. ஜெயில்னா இவ்வளவு காலம்னு சொல்லுவாங்க. இதுக்குக் காலம் கிடையாது.

அவனை விசாரிச்ச அதிகாரி கேட்ட கேள்வியைக் கேளுங்க, கமுதிக்காரர் போன்ல இருந்து சொன்னான். உங்கப்பா பேச்சுக்கு ஏற்பாடு பண்ணின அமைப்பு எது? மாரியம்மன் கோயில் விழாக் கமிட்டி. அந்த அமைப்புக்கு எத்தனை நாட்டுல கிளை இருக்கு? அத்தனை பேரு எதுக்குக் கை தட்டினாங்க, யாரு தட்டச் சொன்னது? செழியன் பொறுமையா விளக்கிச் சொல்லியிருக்கான். எங்கப்பா அவரு கருத்தைச் சொல்லல சார், எங்க ஊர்ல அப்படி ஒரு வழக்கம் உண்டு, அந்தப் பக்கம் பேசச் சொன்னாங்க, பேசினாரு, வேற பக்கம் சொல்லியிருந்தா வேற மாதிரிப் பேசியிருப்பாருன்னு. அப்ப யாரு சொன்னாலும் பேசுவாரா? பேசுவாரு. அன்னைக்கு யாரு சொன்னது? நடுவர். அந்த நடுவர் யாருகிட்ட வேலை பாக்காரு? தவசிமுத்து ரிட்டையர் ஆகி வாழைத் தோட்டத்துக்குத் தண்ணி பாச்சிக்கிட்டிருக்காரு. அங்ஙன அவரு பெரிய சதிகாரர். நான் போயி இதை அவருகிட்ட சொன்னேன். அன்னையில இருந்து அவரும் போனை வாசல்லதான் வைக்காரு.

பிள்ளையை மீட்டுத் தாங்கன்னு கலெக்டர் ஆபீஸ், மந்திரி வீடுன்னு போகாத இடம் இல்ல, பாக்காத ஆளு இல்ல. எல்லாரும் மரியாதையாத்தான் உக்கார வச்சுப் பேசுதாங்க. அது அவங்க நாட்டுச் சட்டம்யா, நாம எப்படி உள்ள போக முடியும்னு கேக்காங்க. இதே கேள்விக்குத்தான் நான் மேடையில அரை மணி நேரம் பதில் சொன்னேன். அங்ஙன கும்பிட்டுட்டு எந்திரிச்சு வந்தேன்.

கடைசியா அந்த அதிகாரியே ஒரு வழி சொல்லியிருக்கான். உங்கப்பா பேசினது தப்புன்னு அவரு வாயாலயே பேசி அனுப்பச் சொல்லுன்னு. எனக்குப் பேசவா சொல்லித் தரணும்? மன்னிப்புக் கேக்கவா நான் தமிழ் படிச்சேன்? அநியாயம்ங்கிற பக்கத்துக்குத் தயார் பண்ணின பேச்சு அப்படியே இருந்துச்சு, பேசாமப் போச்சேன்னு நெனைச்சுக்கிட்டிருந்த பேச்சு. பட்டு வேட்டி கட்டி, சால்வை போட்டு, இந்தா, இந்தச் சுவரு முன்னாலதான் நின்னேன். தங்கச்சி மாப்பிள்ளை செல்போன்ல பிடிச்சாரு.

வீட்டுக்குள்ள அரிவாளோட நுழையறவன்னு ஆரம்பிச்சேன். போகப் போக, எழுதி வச்சது போயி வேற வருது. ஆகாசத்துல இருந்து விழுற குண்டு, இவன் அரண்மனைக்காரன், இவன் சங்கரன்கோவில்காரன்னு பாத்தா விழும்? பெரியவங்க எல்லாம் பாதாளத்துல பத்திரமா இருப்பாங்க. ஒரு நாட்டை அடிக்கணும்னா முதல்ல எதை அடிப்பான்? விளக்கை அணைப்பான். மின்சார நிலையத்துலதான் முதல் குண்டு விழும். அங்ஙன ஏணி மேல ஏறி நிக்கிறவன் யாரு, அவன் யாரு பெத்த பிள்ளை? இதைச் சொல்லும்போது எனக்கு அழுகை வந்திருச்சு. நெசமா வந்துச்சு அண்ணாச்சி. கை அது பாட்டுக்குத் துண்டுக்குப் போச்சு. என் ஆயுசுலயே அதுதான் நல்ல பேச்சு. கேக்க இருந்தது மரகதம் ஒருத்திதான். முடிச்சுட்டு, எப்படி இருந்துச்சுன்னு கேட்டேன். எந்திரிச்சு உள்ள போயிட்டா. கை தட்ட வேண்டாம், ஒரு வார்த்தை சொல்லலாம்ல.

அனுப்பினோம். என்ன ஆச்சு தெரியுமா? அந்த அதிகாரி ரெண்டு வீடியோவையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஓட விட்டிருக்கான். தமிழ் ஒரு எழுத்துத் தெரியாது அவனுக்கு. குரல் ஏறுது, ரெண்டுலயும் ஒரே இடத்துல ஏறுது. தழுதழுக்குது. கொஞ்ச நேரம் பேச்சை நிறுத்துதேன். துண்டு கண்ணுக்குப் போகுது, ரெண்டுலயும் ஒண்ணு போல, அதே கை, அதே கண்ணு. செழியனைப் பாத்துக் கேட்டிருக்கான், இதுல எது உங்கப்பாவோட நெசமான அழுகைன்னு.

தெரியலன்னு சொல்லியிருக்கான்.

பெத்த மகன் அண்ணாச்சி. ரெண்டாவதுதான் நெசம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பாஸ்போர்ட்டைக் கொடுத்திருப்பான். ஏன்டா அப்படிச் சொன்னேன்னு கமுதிக்காரர் போன்ல பிடிச்சுக் கேட்டேன். பொய் சொன்னா கண்டுபிடிச்சிருவாங்கப்பாங்கிறான்.

இப்ப நீங்களும் செய்தி பாப்பீங்க. ஆறேழு நாடு சேந்து பெரியவருக்குக் கெடு கொடுத்திருக்கு. கப்பல் வந்து நிக்குது. நாளைக்கு அடிப்பாங்க, அடுத்த வாரம் அடிப்பாங்கங்கிறாங்க. இங்ஙன டீக்கடையில ரெண்டு கட்சி. அடிக்கணும்னு ஒரு கட்சி, அடிக்கக் கூடாதுன்னு ஒரு கட்சி. நான் அந்தப் பக்கம் போறதையே விட்டுட்டேன். ரெண்டு கட்சிக்காரனும் என் வரியத்தான் சொல்லுதான்.

மரகதம் சாயங்காலம் விளக்கேத்திட்டு சாமிப் படத்துக்கு முன்னால நிப்பா. நின்னுட்டுத் திரும்பி எங்கிட்ட அந்த ஒத்தைக் கேள்வியைக் கேப்பா. அவங்க வரணுமா, வேண்டாமா? இதான் கேள்வி. வருவாங்களான்னு கேக்கல, வரணுமான்னு கேக்கா. எதை வேண்டிக்கிடணும்னு அவளுக்குத் தெரியணும்ல. வந்தா, அந்த அதிகாரி மேசையைப் போட்டுட்டு ஓடிருவான், கதவு திறக்கும், பிள்ளை வந்திருவான். இல்ல, முதல் குண்டுலயே போயிருவான். வராட்டா, பெரியவர் காலம் முடியிற வரைக்கும் பிள்ளை வாரவாரம் மூஞ்சியைக் காட்டிக்கிட்டு அங்ஙனயே கிடக்கணும். பெரியவரோட அப்பா தொண்ணூறு தாண்டி இருந்தாராம். இதுல எதைச் சாமிகிட்ட கேக்க? நான் ஒரு நாள் வரணும்னு ஆரம்பிச்சேன். அவ என் மூஞ்சியவே பாத்துக்கிட்டிருந்தா. நான் வேண்டாம்னு மாத்தினேன். அவ விளக்குத் திரியைத் தூண்டி விட்டுட்டு அடுப்படிக்குப் போயிட்டா.

போன வெள்ளிக்கிழமை செழியன் அவன் போன்லயே பேசினான். ஒட்டுக் கேப்பாங்கன்னு தெரியும், அதனால மழையைப் பத்திப் பேசுவோம், என்ன சாப்பிட்டேன்னு பேசுவோம். ரசம் வச்சேன்ப்பா, புளி அதிகமாப் போச்சுன்னான். அவ்வளவுதான் சொன்னான். எனக்கு எங்ஙன இருந்து வந்துச்சுன்னு தெரியல. குலுங்கிக் குலுங்கி அழுதேன். அவன் மெதுவா, அப்பா, மேடையில அழுற மாதிரி அழாதீங்க, கேட்டுக்கிட்டிருக்காங்கன்னான்.

நான் துண்டைத் தொடவே இல்ல அண்ணாச்சி. துண்டு அந்தக் கொடியில கிடந்துச்சு.

அதனாலதான் சொல்லுதேன், தட்டை எடுத்துட்டுப் போங்க. நான் பேச வரல. எந்தப் பக்கமும் வரல.

என்ன? பேசுறதுக்கு இல்லையா? பின்ன?

நடுவரா?

என்னையா? கமிட்டியில எல்லாரும் சேந்து சொன்னதா? தவசிமுத்து வேண்டாம்னு சொன்னாங்களா, இல்ல அவரு வர மாட்டேன்னுட்டாரா? அவரு என் பேரைச் சொன்னாராக்கும். முதல்லயே சொல்லியிருக்கலாம்ல. நான் எங்க சொல்ல விட்டேன், அதுவும் சரிதான். அந்த நாற்காலி உங்க ஊர்ல இருக்கா, இல்ல வாடகைக்கு எடுப்பீங்களா? தேக்கா? சரி, சரி. கூட்டம் நல்லா வருமா? சுத்துப்பட்டி எல்லாம் வருமே.

தலைப்பு என்ன?

ஓ.

ஜனங்க அதைத்தான் கேக்காங்களா. கப்பல் நிக்குதுல்ல, கேக்கத்தான் செய்வாங்க.

காபி வந்திருச்சு, எடுத்துக்கிடுங்க. மரகதம், அண்ணாச்சி என்னை நடுவரா உக்காரக் கூப்பிடுதாங்க. அதே தலைப்பாம். ஏன் அப்படிப் பாக்க?

கேட்டீங்களா அண்ணாச்சி? என்ன தீர்ப்புச் சொல்லுவீங்கங்கிறா. பொழுது இன்னும் இருக்கு, விளக்கேத்தல, அதுக்குள்ள இன்னைக்குக் கேள்வியைக் கேட்டுட்டா.

இல்ல அண்ணாச்சி. கட்டியிருந்த கை அவுந்துதான் போச்சு, பாத்துட்டேன். தட்டை நீங்களே எடுத்துக்கிடுங்க. தவசிமுத்து கால்ல விழுந்தாவது அவரையே உக்கார வைங்க. ரெண்டு பக்கமும் நல்ல ஆளாப் போடுங்க, சும்மா சிரிக்க வைக்கிற பயலுவ வேண்டாம், நெசமா யோசிக்கிற ஆளாப் போடுங்க. எல்லாம் முடிஞ்சு அவரு என்ன தீர்ப்புச் சொன்னாருன்னு மட்டும் எனக்கு ஆள் விட்டுச் சொல்லி அனுப்புங்க. போன் பண்ண வேண்டாம். வரணும்னு சொன்னாரா, வேண்டாம்னு சொன்னாரா, அது போதும். மறுநாள்ல இருந்து இவளைச் சாமிகிட்ட அதையே கேக்கச் சொல்லிருதேன்.